லைனம்மா வாய் திறக்கவில்லை

தகடு விழுந்த சத்தம் அடங்குவதற்குள் லைனம்மாவின் வலது கை செருகியை எடுத்துவிடும். மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விடாமல் நிறுத்திக்கொண்டு, "எந்த நம்பர் வேணும்?" என்பாள். பதில் வந்து, இணைப்புக் கொடுத்து, எதிர்முனையில் ஆள் பேசத் தொடங்கிய பிறகுதான் அந்த மூச்சு வெளியேறும். "நாம மூச்சு விட்டா அவங்களுக்குப் புயலடிக்கிற மாதிரி கேக்கும்" என்று, தனக்குப் பிறகு வேலைக்கு வந்த இரண்டு பெண்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். நாளுக்கு இருநூறு முறை இப்படி மூச்சை அடக்கிப் பழகியதில் ஒரு லாபம்: தொலைபேசி நிலையத்தின் நாற்பத்தெட்டுப் படிகளை ஏறி வந்தாலும் அவளுக்கு இரைப்பதில்லை. மேலாளருக்கு இரைக்கும்.

மாடியில் அந்த ஒரே அறைதான் நிலையம். சுவரை மறைத்து நிற்கும் மரப்பலகையில் எழுபத்திரண்டு பித்தளைத் தகடுகள். நகரத்தில் டெலிபோன் வைத்திருப்பவர்கள் இப்போதைக்கு எழுபத்திரண்டு பேர்தான். அவர்களில் யாராவது வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அவர்களுடைய எண் எழுதிய தகடு 'டக்'கென்று கீழே விழும். லைனம்மா அதற்கு நேரே உள்ள துளையில் செருகியைக் குத்தி, யார் வேண்டும் என்று கேட்டு, செருகியின் மறுமுனையை அந்த எண்ணில் குத்தி, மணி அடித்துவிடுவாள். பேசி முடித்தவர்கள் மறுபடி கைப்பிடியைச் சுற்றினால் இரண்டையும் பிடுங்கிவிடுவாள். இதுதான் வேலை. கேட்கும்போது சுலபம், காலை பத்து மணிக்கு இருபது தகடுகள் ஒன்றாக விழும்போது பார்க்க வேண்டும் அந்தக் கைகளை.

எழுபத்திரண்டு பேரில் அவள் நேரில் பார்த்தவர்கள் நான்கைந்து பேர் இருக்கலாம். மற்றவர்கள் எல்லாரும் அவளுக்குக் குரல்தான். மூன்றாம் நம்பர் மருத்துவர் மூக்கால் பேசுவார். முப்பதாம் நம்பர் வீட்டு அம்மாள், தகடு விழுந்து இவள் "எந்த நம்பர்?" என்றதும், "இரும்மா, தலையைச் சீவிட்டு வந்துடறேன்" என்று போய்விடுவாள். நாற்பத்தொன்பதாம் நம்பர் வக்கீல் கடிதத்தை வாய்க்குழலுக்கு நேராகப் பிடித்துக் காட்டி, "படிச்சீங்களா?" என்று எதிர்முனையைக் கேட்டவர். கடற்பாலத்துக் கிடங்குக்காரர் ஒருவர், ஆள் இருப்பது ஒன்றரை மைல் தூரம் என்பதால், ஒன்றரை மைலுக்கும் கேட்கிற மாதிரி கத்துவார். "ஐயா, கம்பி பாத்துக்கும். நீங்க மெதுவாப் பேசுங்க" என்று அவருக்கு ஆறு மாதமாகச் சொல்லி வருகிறாள்.

பெயர் வந்த கதையும் அப்படித்தான். யாரோ ஒருவர், "அந்த லைன் போடுற அம்மா" என்றார். எழுபத்திரண்டு வீடும் அதைப் பிடித்துக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேலை உத்தரவில் பத்திரமாக இருக்கிறது.

டெலிபோன் வருவதற்கு முன் அவள் தந்தி ஆபீசில் இருந்தாள். எழுதத் தெரியாதவர்களுக்குத் தந்தி எழுதிக் கொடுக்கிற வேலை. அழுதுகொண்டே ஒரு மணி நேரம் சொல்வார்கள். அத்தனையையும் எட்டு, பத்துச் சொல்லுக்குள் அடக்க வேண்டும். ஒன்பது வருடம் அதைச் செய்ததில், அவள் பேச்சே தந்தியாகிவிட்டது. வீட்டில் அவள் எழுதி வைத்துவிட்டுப் போகும் சீட்டுகளைப் பார்த்தால் தெரியும். "எண்ணெய் தீர்ந்தது. பூனை உள்ளே. தாமதம்." இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. கூடவே இருக்கும் நாத்தனார், "எங்கண்ணி வாய்ல முத்து இருக்கு, திறந்தா விழுந்துடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இப்படிப்பட்டவளுக்குக் கடவுள் கொடுத்த புருஷன் சலூன்காரர்.

வீட்டின் முன்னறைதான் சலூன். ஒரு சுழல் நாற்காலி, இரண்டு கண்ணாடி, சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. கத்தரி ஓடுகிறதோ இல்லையோ, அவர் வாய் ஓடும். ஊரில் நடந்தது, நடக்கப்போவது, நடந்திருக்க வேண்டியது எல்லாம் அங்கே கிடைக்கும். முடி வளராதவர்கள்கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நல்ல மனிதர். கை சுத்தம். அவர் கத்தியில் இரத்தம் பார்த்தவர்கள் இல்லை. ஒரே ஒரு மனக்குறைதான் அவருக்கு. ஊர்ச் சேதி முழுக்க ஒரு பலகையைக் கடந்து போகிறது, அந்தப் பலகை முன்னால் உட்கார்ந்திருப்பவள் தன் சொந்த மனைவி, ஆனால் அவளிடமிருந்து ஒரு பொட்டுச் சேதி தேறாது. ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தார். "இன்னிக்கு எப்படி?" என்பார். "நூத்தித் தொண்ணூறு" என்பாள். அத்தனை இணைப்புக் கொடுத்தாளாம். அதோடு சரி.

வேலையில் சேர்ந்த அன்று அவள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். காதில் விழுவதை யாரிடமும் சொல்வதில்லை என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் காகிதம் இல்லாவிட்டாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். "அடுத்தவங்க கடுதாசியைப் பிரிக்கிறதும் இதுவும் ஒண்ணுதான்" என்பாள். இணைப்புக் கொடுத்துவிட்டால் பேச்சு தன் காதுக்கு வராதபடி பலகையில் உள்ள விசையை மூடிவிடுவாள். பேச்சு முடிந்ததா என்று பார்க்க எப்போதாவது திறக்கும்போது காதில் விழும் நான்கு சொற்கள், அவள் சொன்னபடியே, "காதுலயே செத்துடும்."

சென்ற ஆண்டு கோடை முடிகிற சமயத்தில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

பதினான்காம் நம்பர், துறைமுகச் சாலையில் பெரிய தானிய மண்டி வைத்திருப்பவர். தினமும் பதினொரு மணிக்குக் கப்பல் ஏஜெண்டைக் கூப்பிடுவார். எந்தக் கப்பலில் எவ்வளவு கோதுமை வருகிறது, என்றைக்குக் கரைக்கு வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குத் தகுந்த மாதிரி வாங்குவதை வாங்கி விற்பதை விற்பார். அந்த மாதம் மூன்று முறை, அவர் ஆளை அனுப்புவதற்கு முன்பே எதிர்மண்டிக்காரரின் ஆள் கப்பலடியில் நின்றுகொண்டிருந்தான். மூன்றாவது முறை மண்டிக்காரருக்குப் பொறுக்கவில்லை. நேராகத் தெருவைக் கடந்து போய், எப்படித் தெரிந்தது என்று கேட்டுவிட்டார். எதிர்மண்டிக்காரர் பல் குத்திக்கொண்டே பதில் சொன்னாராம்: "சலூன்ல பேசிக்கிட்டாங்க."

பிறகு கேட்க வேண்டுமா? சலூன்காரர் மனைவி டெலிபோன் நிலையத்தில் வேலை செய்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். மண்டிக்காரர் மேலாளரைக் கூப்பிட்டுக் கத்தினார். அந்த அழைப்புக்கும் செருகி குத்திக் கொடுத்தது லைனம்மாதான். மறுநாளே இன்னும் பதினோரு பேர், இப்படி நம்பிக்கை இல்லாத இடத்தில் தங்களுக்கு டெலிபோன் வேண்டாம், கழற்றிக்கொண்டு போகலாம் என்று எழுதி அனுப்பினார்கள். எழுபத்திரண்டில் பன்னிரண்டு போனால் நிலையம் தாங்காது.

மேலாளர் கெட்டவர் இல்லை, பயந்தவர். லைனம்மாவை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டு கேட்டார். அவள் சொன்ன பதில் இரண்டே சொல்.

"நான் சொல்லலை."

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். கொஞ்சம் அழுதிருந்தாலோ, சத்தியம் செய்திருந்தாலோ அவருக்கு உதவியாக இருந்திருக்கும். கடைசியில் அவரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, விசாரணை முடிகிற வரைக்கும் வீட்டில் இருங்கள் என்றார். அவள் காதுக்குழலைக் கொக்கியில் மாட்டிவிட்டு, கைக்குட்டையை மடித்து எடுத்துக்கொண்டு, நாற்பத்தெட்டுப் படியும் இறங்கினாள்.

வீட்டில் அன்று ஒருவரும் பேசவில்லை. நாத்தனாரே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சலூன்காரர் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதையோ சொல்ல வாயெடுப்பதும் தண்ணீரைக் குடிப்பதுமாக இருந்தார். அவள் அதைப் பார்த்தாள். கேட்கவில்லை.

இரண்டாம் நாள் காலை மேலாளரே சலூனுக்கு வந்தார். பெஞ்சில் ஐந்தாறு பேர். நாற்காலியில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தார். உள்ளே போய்ப் பேசலாமா என்று மேலாளர் தணிந்த குரலில் கேட்டார். சலூன்காரர் கத்தியைத் தோல்பட்டையில் இரண்டு இழுப்பு இழுத்தார். "இங்கேயே கேளுங்க சார்" என்றார்.

லைனம்மா கதவுக்குப் பின்னால் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். கைத்துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். தனக்கு உரிமை இல்லாத பேச்சை அவள் வாழ்க்கையில் நின்று கேட்டது அன்று ஒரு நாள்தான்.

மனைவி உங்களிடம் எப்போதாவது ஏதாவது சொன்னது உண்டா என்று மேலாளர் கேட்டார்.

"ஒரு வார்த்தை கிடையாது சார். ஆறு வருஷமாச்சு அவ அந்த வேலைக்குப் போய். எத்தனை லைன் போட்டேன்னு நம்பர் சொல்லுவா. அவ்வளவுதான்."

பெஞ்சிலிருந்து ஒருவர் சிரித்தார். "என்னப்பா இது, போன வாரம் கோதுமைக் கப்பல் பத்திக் கேட்டப்ப நீ தலையாட்டினியே?"

சலூன்காரர் கத்தியை மடக்கினார். கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினார். திரும்பிப் பார்த்துப் பேச முடியவில்லை.

"ஆட்டினேன். எல்லாத்துக்கும் ஆட்டுவேன். 'உனக்குத் தெரியாததா'ன்னு நீங்க கேப்பீங்க. தெரியாதுன்னு சொல்ல வாய் வராது. 'அதெல்லாம் நான் சொல்லக் கூடாதுப்பா'ன்னு தலையை ஆட்டிட்டு, சோப்பைக் குழைச்சுக்கிட்டிருப்பேன். நீங்க பெருசா நெனச்சுக்குவீங்க. எனக்கும் நல்லா இருந்துச்சு." சோப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. என் பொண்டாட்டி எனக்கு ஒண்ணும் சொன்னதில்லை. இதான் நெசம்."

நாற்காலியில் சாய்ந்திருந்தவரின் முகத்தில் நுரை காய்ந்துபோயிருந்தது. பெஞ்சில் இருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து, பிறகு வருவதாகச் சொல்லிப் போனார்கள். மேலாளருக்கு அவர் சொன்னது உண்மை என்றுதான் பட்டது. ஆனால் மனைவிக்காகப் புருஷன் சொல்கிற சாட்சியை மண்டிக்காரர் எந்தத் தட்டில் வைத்து நிறுப்பார்? அதையும் அவர் வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

கதவுக்குப் பின்னால் லைனம்மா கைத்துணியை நான்காக மடித்தாள். அவள் சொல்லவில்லை, புருஷனும் சொல்லவில்லை. அப்படியானால் பேச்சு எங்கே ஒழுகியது? அதுவரைக்கும் அவள் தன்மேல் விழுந்த பழியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் பேச்சைப் பற்றி நினைக்க ஆரம்பித்தாள். நிலையத்தில் புகார்ப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் கடந்த வசந்த காலத்திலிருந்து அவளே எழுதிய குறிப்புகள் நினைவுக்கு வந்தன. "பதினேழாம் நம்பர் மருந்துக்கடை. கிணற்றுக்குள் யாரோ பேசுவதுபோல் ஒலி." இன்னொரு நாள், "மருந்துக்கடை. அதே கிணறு." மேலாளர் அதன் பக்கத்தில், "ஈரக்காற்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கொடியில் கிடந்த சால்வையைப் போர்த்திக்கொண்டு அவள் கம்பிக்காரரைத் தேடிப் போனாள்.

இந்த நகரத்துக் கூரைகளின் மேல் டெலிபோன் கம்பி இழுத்தவர் அவர்தான். அண்ணாந்து பார்த்தே பழகியதில் கழுத்து நிமிர்ந்தபடி நின்றுபோயிருக்கும். சாலையில் எதிரே வருகிறவர்களைக் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்ப்பார். லைனம்மாவை அவருக்குப் பிடிக்கும். அவர் கூரைமேல் நின்று சோதனை செய்யும்போது, வெயிலாயிற்றே என்று காக்க வைக்காமல் பதில் கொடுப்பவள் அவள் ஒருத்திதான்.

மருந்துக்கடைக் கம்பிக்குப் பக்கத்தில் வேறு யார் கம்பி ஓடுகிறது என்று அவள் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். ஆறு வருடத்தில் அவசரத்துக்கு இழுத்தது, மழைக்கு மாற்றியது, வீட்டுக்காரர் கூரை தர மறுத்ததால் சுற்றிக்கொண்டு போனது எல்லாம் கலந்து கிடந்தது. காகிதத்தில் பார்த்துப் பயனில்லை. நடந்துதான் பார்க்க வேண்டும்.

இருவரும் நடந்தார்கள். மருந்துக்கடை மாடியில் தொடங்கி, கம்பியைப் பார்த்துக்கொண்டே தெருத் தெருவாக. அண்ணாந்து நடந்ததில் லைனம்மா ஒரு காய்கறிக் கூடையில் கால் வைத்தாள். ஒரு நாயிடம் மன்னிப்புக் கேட்டாள். தோல் பதனிடும் சந்துக்கு வந்ததும் கம்பிக்காரர் நின்றார். ஒரு பழைய கிடங்கின் கூரைமேல் இரும்புச் சட்டம் ஒன்று. அதில் மூன்று கம்பிகள், ஒரு முழ இடைவெளிகூட இல்லாமல். அங்கிருந்து துறைமுகச் சாலை வரைக்கும், ஏறக்குறைய முக்கால் மைல் தூரம், மூன்றும் ஒன்றையொன்று பிரியாமல் ஓடின. ஒன்று மருந்துக்கடை. ஒன்று மண்டிக்காரரின் பதினான்கு. இன்னொன்றைக் கம்பிக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். ஏணி வாங்கி மேலே ஏறி, கம்பியில் கட்டியிருந்த தகரச் சீட்டைப் படித்துவிட்டு இறங்கி வந்தார். அது எதிர்மண்டிக்காரருடையது.

"ஒருத்தருக்கு ஒரே கம்பிதானேம்மா நாம குடுக்கிறது" என்றார் அவர். "போறது கம்பியில போகும், திரும்புற வழி தரைதான். அந்த மாதிரி ஒத்தைக் கம்பி ரெண்டு, பக்கத்துல பக்கத்துல ரொம்ப தூரம் ஓடுச்சுன்னா, ஒண்ணோட பேச்சு இன்னொண்ணுக்குத் தொத்திக்கும். சளி மாதிரி."

லைனம்மா ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் இரண்டு கைகளையும் முகத்தில் வைத்துக்கொண்டாள். கம்பிக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

எதிர்மண்டிக்காரர் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: தினமும் பதினொரு மணிக்கு, கைப்பிடியைச் சுற்றாமல், காதுக்குழலை மட்டும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வது.

மேலாளர் இதைக் கேட்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். 'ஈரக்காற்று' அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். நாளைக்கு மருந்துக்கடையில் பதினொரு மணிக்குக் காதுக்குழலை எடுத்தால் தெரிந்துவிடும், கடைக்காரரிடம் சொல்லி வைத்துவிடலாம் வாருங்கள் என்று அவர் எழுந்தார். லைனம்மா நகரவில்லை. மண்டிக்காரருக்குத் தெரியாமல் அவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்றாள். அப்படிக் கேட்டால் தனக்கும் எதிர்மண்டிக்காரருக்கும் என்ன வித்தியாசம் என்று, அவளாகவே, கேட்காமலே, ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

மேலாளர் மண்டிக்காரரிடம் போனார். கம்பியிலிருந்து கம்பிக்குப் பேச்சு தாவுமாம் என்றதும் மண்டிக்காரர் கடகடவென்று சிரித்தாராம். ஆனால் வியாபாரி. சோதித்துப் பார்ப்பதில் நட்டமில்லை என்று ஒரு நிபந்தனை போட்டார். நாளைக்குப் பதினொரு மணிக்கு வழக்கம்போல் ஏஜெண்டைக் கூப்பிடுவார். ஏஜெண்டு குழலை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். உயிரோடு இருக்கும் ஒருவருக்கும் தெரியாத ஒரு விஷயத்தை மண்டிக்காரர் வாய்க்குழலில் சொல்வார். மேலாளர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டால், ஒத்துக்கொள்கிறேன் என்றார். எதிர்மண்டிக்காரர் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று மேலாளர் கேட்டதற்கு, "அவன் நாளைக்கு ஊர்ல இல்லை. தெரிஞ்சுக்கிட்டுத்தான் சொல்றேன்" என்றாராம்.

மறுநாள் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது மேலாளர் மருந்துக்கடையில் காதுக்குழலை எடுத்தார். கடைக்காரரைப் பின்கட்டுக்கு அனுப்பியாயிற்று. லைனம்மா, தன் வேலையே இதில் தொங்கிக்கொண்டிருந்தும், கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் போய் நின்றாள். எதிர்ச்சாரியில், வண்டிகள் போகிற இரைச்சலில், கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஏன் இவ்வளவு தூரம் தள்ளி வந்து நிற்க வேண்டும் என்று கம்பிக்காரர் கேட்டதற்கு, "கதவு மெல்லிசு" என்றாள்.

பத்து நிமிடம் ஆயிற்று. கதவைத் திறந்துகொண்டு மேலாளர் வந்தார். உள்ளே போன முகம் இல்லை அது. ஏதோ ஒரு வீட்டில் துக்கம் கேட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். இவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பிறகு மண்டியை நோக்கி நடந்தார்.

மண்டிக்காரரின் அறைக் கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தது. உள்ளே என்ன சொன்னார்கள் என்று குமாஸ்தாக்களுக்குத் தெரியாது. மண்டிக்காரர் அன்று முழுதும் கணக்குப் பார்க்கவில்லை, மத்தியானத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார் என்பது மட்டும் தெரியும். அந்த விஷயம் என்னவென்று உலகத்தில் இப்போது இரண்டு பேருக்குத் தெரியும். லைனம்மா அந்த இரண்டு பேரில் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதும் இல்லை.

நான்காம் நாள் அவளை வேலைக்கு வரச் சொல்லி எழுத்தில் வந்தது. கம்பிக்காரர் அந்த மாதமே மூன்று கம்பிகளையும் பிரித்து வேறு வேறு கூரைகளில் ஏற்றினார். பிறகு எல்லாருக்கும் போக ஒன்று, வர ஒன்று என்று இரட்டைக் கம்பி இழுக்கும் வேலை தொடங்கியது, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. டெலிபோன் வேண்டாம் என்று எழுதிய பதினோரு பேரும் எழுதியதை மறந்துவிட்டார்கள். எதிர்மண்டிக்காரரிடம் கேட்டபோது, "என் வீட்டுல என் குழலை என் காதுல வெச்சேன். இதுல என்ன தப்பு?" என்றார். சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் அவரோடு முன்போல் யாரும் நின்று பேசுவதில்லை.

ஒரு நாள் மத்தியானம், தகடுகள் ஓய்ந்திருந்த நேரத்தில், தடித்த மனிதர் ஒருவர் மூச்சிரைக்கப் படியேறி வந்து லைனம்மாவின் பின்னால் நின்றார். யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலைக் கேட்டதும் ஆறு வருடப் பழக்கத்தில் அவள் மூச்சை உள்ளே இழுத்து, "எந்த நம்பர் வேணும்?" என்றுவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெண்கள் இருவரும் குனிந்துகொண்டார்கள்.

மண்டிக்காரரும் சிரிக்கத்தான் செய்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "தப்பா நெனச்சுட்டேம்மா. ஊரறியச் சொன்னேன். அதனால நானே வந்து சொல்லணும்னு வந்தேன்" என்றார்.

"சரிங்க" என்றாள் லைனம்மா. அவர் இன்னும் ஏதாவது எதிர்பார்த்து நின்றார். அவள் யோசித்து, "படி ஜாஸ்தி. உக்காந்துட்டுப் போங்க" என்று தன் முக்காலியைத் தள்ளிக் கொடுத்தாள்.

இதோடு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் ஊர் நினைத்தது. ஆனால் சலூனில் சத்தம் இல்லை. 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க' என்று ஊரறியச் சொன்ன பிறகு சலூன்காரருக்கு வாய் எழவில்லை. கத்தரியின் ஓசை மட்டும் கேட்டது. வருகிறவர்கள் முடிவெட்டிக்கொண்டு போனார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்க யாரும் வரவில்லை. யாராவது சேதி கேட்டால், "நமக்கென்ன தெரியும்" என்பார். கிண்டலுக்குச் சிலர் கேட்கவும் செய்தார்கள். வீட்டில் சாப்பிடும்போதுகூட அவர் பேசுவதில்லை. ஆறு வருடமாக, பேசாத மனைவியும் பேசுகிற புருஷனுமாக இருந்த வீட்டில் இப்போது இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் தாங்க முடியாமல் பூனையோடு பேசிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் பார்த்தாள் லைனம்மா.

விடுமுறை நாள் ஒன்றில், காலை பத்து மணி இருக்கும், சலூனில் நாற்காலியில் ஒருவரும் பெஞ்சில் மூவருமாக இருந்தபோது, உள்கதவு திறந்தது. ஆட்கள் இருக்கும் நேரத்தில் அவள் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. பெஞ்சில் இருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். சுவரோரம் கிடந்த முக்காலியை எடுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு அவள் உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஊர்ல என்ன சேதி?" என்றாள்.

சலூன்காரர் கத்தி பிடித்த கையை எடுத்துக்கொண்டார். கிண்டலா என்று அவள் முகத்தைப் பார்த்தார். இல்லை.

"என்னைக் கேக்கிறியா?"

"வேற யாரைக் கேக்கிறது? நான் பலகைக்கு முன்னால உக்காந்திருக்கேன். எனக்கென்ன தெரியும்? நீங்கதான் சொல்லணும்."

அவர் கத்தியைத் துடைத்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பெரிதாக ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்தார். ஆற்றுப் பாலத்துக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கப் போகிறார்களாம் என்றார். பெஞ்சில் ஒருவர், சிவப்பு என்றல்லவா சொன்னார்கள் என்றார். சலூன்காரரின் குரல் ஏறியது. சிவப்பு வேண்டாம் என்று நகரசபைத் தலைவரின் மனைவி சொன்னாளாம், அதனால் வாங்கி வைத்த சிவப்புப் பெயிண்டை என்ன செய்வதென்று தெரியாமல் தீயணைப்பு நிலையக் கதவுக்கு அடித்துவிட்டார்களாம், கதவு காய்வதற்குள் வண்டி வெளியே போக வேண்டி வந்ததாம், வண்டி, குதிரை, ஆள் எல்லாம் சிவப்பாம். கத்தி காற்றில் வளைந்து வளைந்து குதிரை போன வழியைக் காட்டியது. நாற்காலியில் இருந்தவர் நுரையோடு சிரித்தார். தெருவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

அந்த வாரம் நகரசபைக்கும் பெயிண்ட் கடைக்கும் ஏழு முறை, தீயணைப்பு நிலையத்துக்கும் நகரசபைக்கும் ஒன்பது முறை செருகி குத்தியவள், முழங்கையை முழங்காலில் ஊன்றி, மோவாயை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, கண்ணை அகல விரித்தாள்.

"அப்படியா?" என்று கேட்டு, முக்காலியை அவர் பக்கம் இன்னும் ஒரு சாண் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.